தோட்டத்து லயத்துல சிக்னல் இல்லை: பூஸ்டர் வாங்கலாமா, டவர் கேட்கலாமா?

கீழ்ப்பிரிவு
வணக்கம். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. பள்ளத்தில் ஆறு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் நின்றால் 4ஜி இரண்டு கோடு காட்டும், லயத்துக்குள் போனால் ஒன்றுமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இணையத்தில் விற்கிற சிக்னல் பூஸ்டர் ஒன்றை எடுப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். டவர் கேட்டு மனுக் கொடுப்போம் என்று சிலர். எது சரி? யாருக்கு எழுத வேண்டும்?

ஆண்டெனா_அண்ணன்
தம்பி, பூஸ்டர் வாங்குகிற யோசனையை முதலில் நிறுத்துங்க. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி வானொலி அலை வெளியிடுகிற எந்தக் கருவியையும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் பாவிக்க முடியாது. போனுக்கும் ரவுட்டருக்கும் வகை அனுமதி, அதாவது அந்த மாதிரிக் கருவிக்கே மொத்தமாகக் கொடுத்த அனுமதி, இருக்கிறது. இணையத்தில் வருகிற பூஸ்டருக்கு அது கிடையாது. அது பெருக்குகிற அலைவரிசை உங்களுடையது இல்லை, காசு கட்டி எடுத்த நிறுவனத்துடையது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தாலும் கெடுதல்தான். பூஸ்டர் இரண்டு பக்கமும் பெருக்கும். டவரில் இருந்து வருவதைப் பெருக்கி லயத்துக்குக் கொடுக்கும், லயத்தில் இருந்து போவதைப் பெருக்கி டவருக்கு அனுப்பும். போகிற பக்கத்தில் குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கித் தள்ளும். அந்த டவர் ஒரு மலைக்கு அப்பால் இருக்கிற நாலு தோட்டத்துக்கும் சேவை தருகிறது என்றால், அந்த நாலு தோட்டத்திலும் அழைப்பு அறுந்துபோகும்.

இன்னொன்று. வெளி ஆண்டெனாவுக்கும் உள் ஆண்டெனாவுக்கும் இடையில் இருக்கிற தடுப்பு, பூஸ்டரின் பெருக்கத்தை விடக் குறைந்தது 15 டெசிபல் (அலையின் பலம் எத்தனை மடங்கு மாறுகிறது என்று சொல்கிற அலகு) கூடுதலாக இருக்க வேண்டும். 70 டெசிபல் பெருக்கும் பெட்டிக்கு 85 டெசிபல் தடுப்பு வேண்டும். பத்தடி அகலக் காம்பராவில் (அறையில்), தகரக் கூரைக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக வைத்தால் அந்தத் தடுப்பு எந்தக் காலமும் கிடைக்காது. பெட்டி தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கத்த ஆரம்பிக்கும், கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்ட கொண்டுபோனால் வருகிற ஊளை மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இந்த ஊளை காதில் கேட்காது. டவரில்தான் தெரியும், திசை காட்டும் கருவியோடு தேடி வருவார்கள்.

கந்தப்பளைக்காரி
பிரட்டுக்களத்தில் இரண்டு கோடு இருக்கிறதென்றால் பிரச்சினையில் பாதி கூரைத் தகரம். அதைச் சட்டப்படியே தாண்டலாம்.

வெளி ஆண்டெனா பூட்டக்கூடிய, வகை அனுமதியுள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றை எடுங்க. ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே ஒரு ஜி.ஐ. குழாயில் ஏற்றி டவர் பக்கம் திருப்புங்க. வயரில்தான் எல்லாரும் காசை வீணாக்குவது: மெல்லிய ஆர்.ஜி. 58 வயர் 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டருக்கு சுமார் 0.7 டெசிபல் தின்னும். பத்து மீட்டர் இழுத்தால் 7 டெசிபல் போச்சு, ஆண்டெனா சேர்த்துக் கொடுத்ததெல்லாம் வயரிலேயே முடிந்துவிடும். தடித்த எல்.எம்.ஆர். 400 என்றால் பத்து மீட்டருக்கு 2 டெசிபல்தான். அது கிடைக்காவிட்டால் ரவுட்டரையே கூரைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்து, கரண்ட் வயரை நீட்டுங்க. கரண்ட் வயரில் சிக்னல் குறையாது.

ஆண்டெனா இரண்டு, ஒன்று 45 பாகை இடம் சரிந்து, மற்றது 45 பாகை வலம் சரிந்து. ஒன்றை மட்டும் பூட்டினால் வேகம் பாதியாகும். குழாய்க்குக் கட்டாயம் எர்த் கொடுங்க. சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் மலையில் விழுகிற இடி, உயரத்தில் நிற்கிற கம்பியைத்தான் தேடி வரும்.

ரவுட்டர் வந்தபிறகு போன் பேச வைஃபை அழைப்பு வசதி உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா, உங்கள் போன் அதை ஏற்கிறதா என்று கேளுங்க. இருந்தால் சாதாரண இலக்கத்திலேயே வீட்டுக்குள் பேசலாம்.

கீழ்ப்பிரிவு
அக்கா, அந்தப் பெட்டிக்கு அனுமதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கந்தப்பளைக்காரி
போனில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். ரவுட்டரில் அடியில் ஒட்டியிருக்கும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நாலு ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்க. ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். கடையில் காசு கொடுக்கும் முன்னமே அனுப்பிப் பாருங்க, பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சட்டப்பக்கம்
ரவுட்டர் வசதியுள்ள குடும்பத்துக்குச் சரி. ஆறு லயத்துக்கும் அது தீர்வு ஆகாது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் இலக்கமான 1990 அடிக்க ரவுட்டரை நம்ப முடியாது. ஆகவே டவர் கேட்பதையும் விடாதீங்க. ஆனால் வெறும் மனு போட்டால் கோப்போடு கிடக்கும். கேட்கிற வரிசை முக்கியம்.

முதலில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு முறைப்பாடு. அழைத்த திகதி, முறைப்பாட்டு இலக்கம் இரண்டையும் எழுதி வையுங்க. இலக்கம் தராமல் போனை வைக்க விடாதீங்க. இரண்டு வாரத்தில் பயன் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. 1900 இலக்கம் இருக்கிறது, இருந்தாலும் இந்த விடயத்துக்குக் கடிதமே நல்லது: பதிவுத் தபாலில், எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. ஆணைக்குழு முதலில் கேட்பது "நிறுவனத்துக்குச் சொன்னீர்களா" என்பதுதான். அந்த முறைப்பாட்டு இலக்கம் கடிதத்தில் இல்லாவிட்டால் திரும்ப ஒன்றாம் படிக்கே அனுப்புவார்கள்.

தமிழிலேயே எழுதுங்க. எந்த அரச நிறுவனத்துக்கும் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தோட்டத்து ஆட்கள் இதைச் செய்வதேயில்லை, செய்ய வேண்டும்.

ஆண்டெனா_அண்ணன்
கடிதத்தில் "சிக்னல் இல்லை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கோடு ஒன்று, இரண்டு என்பது ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு கணக்கு. எண் எழுதுங்க.

ஆண்ட்ராய்டில் சிக்னல் அளக்கிற இலவச செயலிகள் இருக்கின்றன. அதில் வருகிற நாலு விஷயம் போதும். ஒன்று, 4ஜி அலையின் பலம். கழித்தல் குறியோடு வரும்: -80 நன்று, -95 போதும், -110 போனால் பேச்சு அறுபடும், -120 என்றால் செத்தது. இரண்டு, எந்த அலைவரிசை: 3 என்று வந்தால் 1800 மெகாஹெர்ட்ஸ், 8 என்று வந்தால் 900. மூன்று, செல்லின் அடையாள எண், டவரின் எந்த ஆண்டெனா உங்களுக்குச் சேவை தருகிறது என்று அது சொல்லும். நாலு, நேர முன்னகர்வு என்கிற எண், எல்லாப் போனும் காட்டாது. காட்டினால் அதை 78ஆல் பெருக்குங்க, டவர் எத்தனை மீட்டர் தூரம் என்று வரும். 40 என்று காட்டினால் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

எந்த நிறுவனம் என்பதற்கும் எண் இருக்கிறது. இலங்கைக்கு 413, அதன் பின்னால் 01 மொபிட்டல், 02 டயலொக், 08 ஹட்ச். பழைய எயார்டெல் 05. அது 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது.

அளக்கும் இடங்கள்: பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), கோயிலடி, ஸ்கூல், ஒவ்வொரு லயத்தின் முதல் வீடும் கடைசி வீடும். வெளியே ஒரு தடவை, வீட்டுக்குள் ஒரு தடவை. காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும். இரவில் மட்டும் வேகம் விழுந்து பலம் அப்படியே இருந்தால் அது நெரிசல், டவர் கேட்க வேண்டாம், இருக்கிற டவரில் கொள்ளளவு கூட்டக் கேளுங்க. பலமே இல்லையென்றால் அது மறைவு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, நிறுவனத்துப் பொறியியலாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பசறைப்பாதை
அலைவரிசை எண்ணைக் கட்டாயம் எழுதுங்க, அதில் ஒரு மலிவான தீர்வு ஒளிந்திருக்கிறது. ஒரே தூரத்தில், ஒரே பலத்தில் அனுப்பினாலும் 1800ஐ விட 900 அலை சாதாரணமாகவே 6 டெசிபல் கூட வந்து சேரும். மேட்டைத் தாண்டி வளையும்போது இன்னும் 3 டெசிபல் மிச்சம். மொத்தம் 9 டெசிபல், கிட்டத்தட்ட எட்டு மடங்கு பலம். அலைவரிசை 3 மட்டும் ஓடுகிற பழைய டவரில் அலைவரிசை 8ஐயும் ஏற்றச் சொல்லிக் கேட்டால், பல பள்ளங்களுக்குப் புது டவரே தேவைப்படாது. புதுக் கோபுரத்துக்குக் கேட்கிற அனுமதிகளில் பாதி இதற்குத் தேவையில்லை.

தேயிலைமலை
அனுமதி என்றதும் சொல்கிறேன். மலையகத்தில் டவர் தாமதமாவதற்கு முதல் காரணம் நிலம். தோட்ட நிலம் அரசுடையது, 1992இல் உருவான பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகைக்கு இருக்கிறது. தோட்டத்துத் துரை சரி என்றாலும் கம்பனித் தலைமையகம் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் நிலத்துக்கு உரித்தான அரச நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். குத்தகை முடிகிற ஆண்டைத் தாண்டி டவருக்கு ஒப்பந்தம் எழுத முடியாது. தனியார் காணியில் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது.

அடுத்தது மண். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் அடித்தளம் தோண்ட முடியாது. இதில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது நமக்குத் தெரியும். டவருக்காக வெட்டுகிற பாதையும் வடிகாலும்தான் டவரை விட ஆபத்து. பாதையின் மழைத்தண்ணீர் லயத்துப் பக்கம் திரும்பாதபடி வடிகால் வரைபடத்தில் இருக்கிறதா என்று பிரதேச சபையில் கேட்டுப் பாருங்க.

அதற்கு மேல் பிரதேச சபை அனுமதி, ஒதுக்குக் காட்டுக்கு அருகில் என்றால் சுற்றாடல் அனுமதி, ஆணைக்குழுவின் இட அனுமதி. ஒன்று தவறினாலும் கம்பி மட்டும் நிற்கும், அலை வராது.

பள்ளத்துவீடு
ஸ்கூலுக்கு அருகில் டவர் வந்தால் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு ஆகாதா? எங்கள் பக்கம் அதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள்.

ஆண்டெனா_அண்ணன்
பயம் நியாயமானது, கணக்கைப் பார்த்தால் தெளியும். சர்வதேச வழிகாட்டியின் பொதுமக்களுக்கான எல்லை 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800இல் 9 வாட்.

ஒரு செல் 20 வாட் அனுப்புகிறது, ஆண்டெனா அதை ஒரு திசையில் 50 மடங்கு குவிக்கிறது என்று வைப்போம். 1000 வாட். 50 மீட்டர் தூரத்தில், கற்றைக்கு நேர் நடுவில் நின்றால் சதுர மீட்டருக்கு சுமார் 0.03 வாட். அதே பக்கம் மூன்று அலை ஓடினாலும் 0.1. எல்லையில் நூற்றில் ஒன்று, இரண்டு பங்கு. கோபுரத்தடியில் இன்னும் குறைவு, கற்றை தலைக்கு மேலால் போகிறது.

மலையில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். டவர் பள்ளத்திலும் ஸ்கூல் எதிர் மேட்டில் ஆண்டெனாவின் உயரத்திலும் இருந்தால் கற்றை நேரே வகுப்பறைக்குப் போகும். அப்படியான இடத்தில் அளந்து காட்டச் சொல்லி ஆணைக்குழுவிடம் கேளுங்க.

சட்டப்பக்கம்
எதிர்ப்பு உள்ள ஊரில் பிரதேச சபைக் கூட்டத்துக்கு முன்னமே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நல்லது. கூட்டத்தில் வைத்து விளக்க யாரும் விடமாட்டார்கள்.

மேட்டுலயம்
2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது டவர் இருந்த ஊர்களிலும் போன் செத்தது. டவர் வந்தால் மட்டும் போதுமா?

பசறைப்பாதை
போதாது. டவருக்கு கரண்டும் வேண்டும், பின்னால் ஒரு இணைப்பும் வேண்டும். மண்சரிவில் இரண்டும் சேர்ந்து போகும்.

கரண்ட் கணக்கு: ஒரு சாதாரணத் தளம் 2 கிலோவாட் எடுக்கிறது என்று வையுங்க. 48 வோல்ட், 400 ஆம்பியர் மணி பட்டரி என்றால் 19 கிலோவாட் மணி. முழுவதையும் வடிக்க முடியாது, 15 எடுக்கலாம். ஏழு மணித்தியாலம். பழைய ஈயப் பட்டரி நாலைந்து வருடத்தில் பாதியாகும், அப்போது நாலு மணித்தியாலமும் நிற்காது. கடிதத்தில் "கரண்ட் போய் எத்தனை மணித்தியாலத்தில் சிக்னல் போகிறது" என்று நேரம் குறித்து எழுதினால் பட்டரி செத்திருப்பது நிறுவனத்துக்குப் புரியும். இது புதுக் கோபுரம் இல்லாமலே தீர்கிற குறை.

இணைப்பு: ஃபைபர் பெரும்பாலும் பெருந்தெருவோரமாகத்தான் போகிறது. ஹட்டன் பக்கம் ஏ7, பதுளை பக்கம் ஏ5. தெரு சரிந்தால் ஃபைபரும் சரியும். வளையமாக இரண்டு வழி இருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும், ஒரே பள்ளத்தாக்கில் இரண்டையும் போட்டால் பயனில்லை. மைக்ரோவேவ் இணைப்பு மலைக்கு மலை பார்க்கிறது, மண்சரிவுக்குத் தப்பும், ஆனால் 18, 23 கிகாஹெர்ட்ஸ் அலை கடும் மழையில் மங்கும்.

என் அபிப்பிராயத்தில் ஆணைக்குழு உரிம நிபந்தனையில் சேர்க்க வேண்டியது இதைத்தான்: மண்சரிவு மாவட்டங்களில், பல தளங்களுக்குத் தாயாக இருக்கிற மைய டவருக்கு ஜெனரேட்டரும் இரண்டாவது வழியும் கட்டாயம். எல்லா டவருக்கும் வேண்டாம், அந்த மைய டவர் நின்றாலே பாதி மலை நிற்கும்.

மேட்டுலயம்
இன்னொரு சந்தேகம். சில நேரம் போன் வேலை செய்யும், வாட்ஸப் மட்டும் வராது. அது பழுதா, அரசாங்கம் நிறுத்தியதா?

சட்டப்பக்கம்
அரசாங்கம் நிறுத்தியதும் நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது ஃபேஸ்புக், வைபர், வாட்ஸப் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3இல் சுமார் 15 மணித்தியாலமும். பிரித்துப் பார்ப்பது சுலபம். வங்கிச் செயலி திறக்கிறது, செய்தித் தளம் திறக்கிறது, ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் மட்டும் எல்லா நிறுவனத்திலும் ஒரே நேரத்தில் வரவில்லை என்றால் தடை. ஒரு நிறுவனத்தில் மட்டும் என்றால் பழுது. எதுவுமே திறக்கவில்லை என்றால் இணைப்பே இல்லை.

தடை வந்தாலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் ஓடும். வெளிநாட்டில் வேலை செய்கிற அம்மாமார் வாட்ஸப்பில் மட்டும் பேசுகிற குடும்பங்களுக்கு ஒரு சாதாரண இலக்கத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்க.

கலவர நேரத்தில் வதந்தியை நிறுத்த வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழுத் தடை வதந்தியை மறுக்கிற ஆளின் வாயையும் கட்டிவிடுகிறது, தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் போடத் தெரிந்தவர் மட்டும் பேசுகிறார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குறிப்பிட்ட பதிவை 24 மணித்தியாலத்தில் நீக்கச் சொல்ல வழி வைத்தது. எது பொய் என்று முடிவு செய்வதை ஓர் ஆணைக்குழுவின் கையில் அது கொடுத்ததுதான் எனக்கு ஏற்கவில்லை, அதை நீதிமன்றம் சொல்லட்டும்.

கீழ்ப்பிரிவு
எல்லாருக்கும் நன்றி. ஆணைக்குழுவுக்குக் கடிதம் போட்டும் பதில் வராவிட்டால்?

சட்டப்பக்கம்
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். ஆணைக்குழுவின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்க. தருகிறோமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சரியாகக் கேளுங்க. "ஏன் டவர் இல்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை, பதில் தர மாட்டார்கள். "இந்தக் கிராம சேவகர் பிரிவில் டவர் அமைக்க வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் திகதியில் வந்தது, இப்போது எந்த நிறுவனத்தின் அனுமதிக்காக நிற்கிறது" என்று கேளுங்க. அந்தப் பதிலில் முட்டுக்கட்டை எங்கே என்று தெரியும். கம்பனியில் நிற்கிறதென்றால் கொழும்புக்கு எழுதிப் பயனில்லை, தலைவர்மாரையும் தொழிற்சங்கத்தையும் கூட்டிக்கொண்டு கம்பனியிடம் போங்க.

தேயிலைமலை
கிராம சேவகர் பிரிவின் பெயரோடு இலக்கத்தையும் எழுதுங்க. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஒரே பெயரில் இரண்டு மாவட்டத்தில் தோட்டம் இருக்கும். பதில் தோட்டத்து ஆபீசுக்குப் போய் அங்கேயே கிடக்கும் என்ற பயம் இருந்தால், பதில் முகவரியாகத் தபாற்கந்தோரில் எடுத்துக்கொள்ளும்படியோ ஸ்கூல் அதிபரின் பெயருக்கோ எழுதுங்க. முதலில் அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

கீழ்ப்பிரிவு
முதல் நாள் அளவு: பிரட்டுக்களம் -98, அலைவரிசை 3. முதல் லயம் வெளியே -109, உள்ளே -121. கடைசி லயம் வெளியே -117. நேர முன்னகர்வு 31. இரவிலும் இதே எண்கள்தான். அலைவரிசை 8 எங்கேயும் பிடிபடவில்லை.

ஆண்டெனா_அண்ணன்
31 என்றால் 2.4 கிலோமீட்டர். தூரம் பிரச்சினையே இல்லை, மேடுதான் மறைக்கிறது, நெரிசலும் இல்லை. 9 டெசிபல் கூடினால் முதல் லயம் வெளியே -100, கடைசி லயம் -108. அப்போதும் கடைசி லயத்தின் உள்ளே போன் எடுக்காது, ஆனால் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) நின்று 1990 அடிக்கலாம். முதல் கடிதத்தில் செல் அடையாள எண்ணோடு அலைவரிசை 8 கேளுங்க, புது டவரை இரண்டாவது கோரிக்கையாக வையுங்க. ஒரே போனில் அளந்தீர்களா? இல்லையென்றால் ஒரே போனில் திரும்ப அளந்துவிட்டு அனுப்புங்க, இரண்டு போனுக்கு இடையில் 5 டெசிபல் வித்தியாசம் சாதாரணம்.